பழுதடைந்த யன்னற் கைபிடியை மாற்றுதல்



வீட்டில் யன்னற் கைபிடி ஒன்று உடைந்துவிட்டால் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஒரு கயிற்றுத் துண்டால் யன்னலைக் கட்டிவிடுகிறோம். அல்லது கடையில் ஒரு புதிய கைபிடியை வாங்கி, பழைய துளைகளிலேயே பூட்டிவிடுகிறோம். சில மாதங்களில் அதுவும் ஆடத் தொடங்குகிறது. "இப்போது வரும் சாமான் எல்லாம் இப்படித்தான்" என்று கடைக்காரரைக் குறை கூறுகிறோம். உண்மையில் பல வேளைகளில் குற்றம் கைபிடியில் இருப்பதில்லை. கைபிடியை உடையச் செய்த காரணம் யன்னலிலேயே தங்கியிருக்கிறது.

இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே: கைபிடி உடைந்ததற்கான காரணத்தை முதலில் கண்டறிக, அதன் பின்னரே புதியதைப் பூட்டுக. இவ்வேலையில் நீங்கள் விஞ்ஞான பாடத்தில் கற்ற நெம்பு, விசையின் திருப்பம், உலோகங்களின் அரிப்பு ஆகியனவும் தொழினுட்பப் பாடத்தில் கற்ற அளத்தல், துளையிடல், பொருத்துதல் ஆகியனவும் ஒன்றுசேர்கின்றன. எனவே பரீட்சைக்கும் இது பயன்படும், வீட்டுக்கும் பயன்படும்.

1. மூடாத யன்னலால் என்ன தீங்கு?

கைபிடியைச் சிறிய பொருளாக எண்ணலாகாது. அதன் பணி யன்னலைத் திறப்பது மட்டுமன்று. மூடிய கதவை யன்னல் நிலையோடு இறுக்கிப் பிடிப்பதும் அதன் பணியாகும். அது இல்லாவிடின்,

(அ) மழைநீர் உட்புகுந்து மரச் சட்டம் உக்கத் தொடங்கும்.
(ஆ) காற்றில் கதவு அடிபட்டுக் கண்ணாடி உடையும். அருகில் சிறுபிள்ளைகள் இருப்பின் காயமேற்படும்.
(இ) இரவில் வீட்டுக்குப் பாதுகாப்பு இராது.
(ஈ) கடும் புயலின்போது திறந்துகொண்ட யன்னல் வழியே காற்று உட்புகுந்து, வீட்டினுள் அமுக்கம் அதிகரிக்கும். அவ்வமுக்கம் கூரையைக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும். அதேவேளை கூரையின் மேலாகச் செல்லும் காற்று அதனை உறிஞ்சி உயர்த்த முனையும். இரண்டும் சேரும்போது கூரைக்கு ஆபத்து அதிகமாகும்.

1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். புயல் வரக்கூடிய நாட்டில் வாழும் நாம் யன்னல்களை நன்கு மூடக்கூடிய நிலையில் வைத்திருப்பது அவசியமாகும்.

2. கைபிடியின் பகுதிகள்

நமது வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது, பக்கத்தில் பிணைச்சல் பூட்டப்பட்டு வெளிப்புறமாகத் திறக்கும் மர யன்னலாகும். தேக்கு, பலா போன்ற மரங்களால் இது செய்யப்படுகிறது. அதன் கைபிடியில் நான்கு பகுதிகளைக் காணலாம்.

அடித்தகடு: திருகாணிகளால் யன்னற் கதவின் சட்டத்தில் பூட்டப்படும் பகுதி.
சுழலாணி: கைபிடி எதனைப் பற்றிச் சுழல்கிறதோ அந்த ஆணி.
பிடி: நாம் கையால் பிடிக்கும் நீண்ட பகுதி.
நாக்கு: சுழலாணியின் மறுபக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய பகுதி.

யன்னல் நிலையில் பூட்டப்பட்டுள்ள சிறு தகட்டினுள் இந்த நாக்குச் சென்று பிடித்துக்கொள்ளும். அத்தகட்டை இங்கு பிடிதகடு என அழைப்போம்.

3. கைபிடி ஒரு நெம்பு

பிடி ஒரு பக்கம், நாக்கு மறுபக்கம், நடுவில் சுழலாணி. இது முதலாம் வகை நெம்பு என்பதை உடனே இனங்கண்டிருப்பீர்கள். சுழலாணியே பொறுதி. கை கொடுக்கும் விசை எத்தனம். நாக்கில் ஏற்படும் தடை சுமை.

உதாரணம்: ஒரு கைபிடியில் சுழலாணியிலிருந்து கை பிடிக்கும் இடத்துக்கான தூரம் 12 சென்ரிமீற்றர். சுழலாணியிலிருந்து நாக்கின் நுனிக்கான தூரம் 3 சென்ரிமீற்றர். பிடிக்குச் செங்குத்தாக 25 நியூற்றன் விசை கொடுக்கப்படுகிறது. உராய்வைப் புறக்கணித்து, நாக்கில் தோன்றும் விசையைக் காண்க.

விசையின் திருப்பம் = விசை × செங்குத்துத் தூரம்
= 25 × 0.12
= 3 நியூற்றன் மீற்றர்

நாக்கில் தோன்றும் விசை = 3 ÷ 0.03
= 100 நியூற்றன்

நீங்கள் கொடுத்தது ஏறத்தாழ 2.5 கிலோகிராம் பொருளொன்றின் நிறைக்குச் சமமான விசை. நாக்கிலோ 10 கிலோகிராம் பொருளொன்றின் நிறைக்குச் சமமான விசை தோன்றுகிறது. நாக்குப் பிடிதகட்டினுள் இலகுவாகச் செல்லும்போது இதனால் தீங்கில்லை. ஆனால் நாக்குத் தகட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டிருக்கையில் நாம் வலிந்து திருகினால், அதே பெருக்கப்பட்ட விசை நாக்கையும் சுழலாணியையும் திருகாணிகளையும் தாக்குகிறது. நாள்தோறும் இரு தடவை இவ்வாறு நடந்தால், கைபிடி எவ்வளவு காலம் தாங்கும்? உடைவின் இரகசியம் இங்கேயே உள்ளது.

4. காரணத்தைக் கண்டறிதல்

புதிய கைபிடியை வாங்கச் செல்லுமுன் பின்வரும் அறிகுறிகளை நோக்குக.

(அ) அடித்தகடு ஆடுகிறது. திருகாணியைத் திருகினால் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
காரணம்: மரத்திலுள்ள துளை தேய்ந்துவிட்டது. கைபிடி நல்ல நிலையில் இருக்கலாம். துளையைத் திருத்தினால் போதும்.

(ஆ) பிடி சுழல்கிறது. நாக்கு அசையவில்லை, அல்லது தாமதித்து அசைகிறது.
காரணம்: சுழலாணி தேய்ந்துவிட்டது. கைபிடியை மாற்ற வேண்டும்.

(இ) நாக்குப் பிடிதகட்டுக்குக் கீழே முட்டுகிறது. கதவைச் சற்று உயர்த்திப் பிடித்தால் மட்டும் பூட்டுகிறது.
காரணம்: கதவு தொங்கிவிட்டது. கதவின் நிறை மேற்பிணைச்சலை நிலையிலிருந்து வெளியே இழுக்கிறது, கீழ்ப்பிணைச்சலை நிலையை நோக்கித் தள்ளுகிறது. ஆகவே முதலில் தளர்வது மேற்பிணைச்சலின் திருகாணிகளே. அவற்றை இறுக்காமல் கைபிடியை மாற்றுவதால் பயனில்லை.

(ஈ) மழைக்காலத்தில் மட்டும் மூடுவது கடினமாக உள்ளது.
காரணம்: மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கியுள்ளது. மரம் நாரின் நீளப்பாட்டுக்கு மிகச் சிறிதளவே வீங்கும். நாருக்குக் குறுக்காகவே கூடுதலாக வீங்கும். எனவே சட்டத்தின் அகலம் அதிகரித்துக் கதவு நிலையில் உரசுகிறது. உரசும் விளிம்பை உலர்ந்த காலத்தில் அரத்தாளால் தேய்த்து, மீண்டும் வர்ணம் பூச வேண்டும். வர்ணம் ஈரம் உட்புகுவதைக் குறைக்கும்.

(உ) பிடி இரண்டாக முறிந்துள்ளது.
காரணம்: அளவுக்கு மிஞ்சிய விசை, அல்லது உலோகத்தின் நொறுங்குமியல்பு. மலிவான கைபிடிகள் பல நாகக் கலப்புலோகத்தை வார்த்துச் செய்யப்படுகின்றன. அவை வளையாமல் திடீரென முறியக்கூடியவை.

வெண்கட்டிச் சோதனை: நாக்கின் நுனியில் வெண்கட்டியை நன்கு பூசுக. யன்னலை மூடிக் கைபிடியை மெதுவாகத் திருப்புக. பின்னர் திறந்து பிடிதகட்டைப் பார்க்குக. வெள்ளை அடையாளம் தகட்டின் விளிம்பில் இருந்தால் நாக்கு முட்டுகிறது. அடையாளம் உட்பக்கத்தில் இருந்தால் பொருத்தம் சரியானது. செலவில்லாத இச்சோதனையை வேலை தொடங்குமுன் ஒரு தடவையும் முடிந்த பின் ஒரு தடவையும் செய்க.

5. உலோகத்தைத் தெரிவுசெய்தல்

இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் ஒட்சிசனும் தேவை. உப்பு இருப்பின் துருப்பிடித்தல் விரைவாகும். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு போன்ற கரையோரப் பிரதேசங்களில் காற்றோடு வரும் உப்புத்துணிக்கைகள் யன்னல் உலோகங்களில் படிகின்றன. எனவே உள்நாட்டுப் பகுதிகளிலும் பார்க்க இங்கு இரும்புப் பொருட்கள் விரைவில் பழுதடைகின்றன.

இங்கு பலரும் விடும் பிழை ஒன்று உண்டு. விலை கூடிய பித்தளைக் கைபிடியை வாங்கி, வீட்டில் கிடந்த இரும்புத் திருகாணிகளால் பூட்டுவதே அது. பித்தளை செப்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகமாகும். தாக்கவீதத் தொடரில் இரும்பு செப்புக்கு மேலே உள்ளது. உப்புக் கலந்த ஈரம் மின்பகுபொருளாகத் தொழிற்படும்போது, பித்தளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு விரைவாக அரிப்படைகிறது. பெரிய பித்தளைத் தகட்டோடு சிறிய இரும்புத் திருகாணி தொடுகையில் இருப்பதால் அரிப்பு மேலும் விரைவாகும். கைபிடி பளபளப்பாக இருக்கும், அதனைத் தாங்கும் திருகாணியோ உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

நினைவிற்கொள்க:
பித்தளைக் கைபிடிக்குப் பித்தளைத் திருகாணி.
கறையில் உருக்குக் கைபிடிக்குக் கறையில் உருக்குத் திருகாணி.
உலர்ந்த உள்நாட்டுப் பகுதியில் நாகம் பூசிய இரும்புத் திருகாணியும் இரும்புக் கைபிடிக்குப் போதுமானது. நாகம் இரும்பிலும் தாக்கம் கூடியதாகையால் தான் முதலில் அரிப்படைந்து இரும்பைப் பாதுகாக்கும்.

6. அளவெடுத்தல்

கடைக்குச் செல்லும்போது பழைய கைபிடியைக் கழற்றி எடுத்துச் செல்வதே சிறந்தது. முடியாவிடின் பின்வரும் அளவுகளைக் குறித்துக்கொள்க.

(அ) திருகாணித் துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம்
(ஆ) அடித்தகட்டின் நீளம், அகலம்
(இ) நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் நீளம்
(ஈ) திருகாணியின் நீளமும் பருமனும்
(உ) பூட்ட வேண்டிய சட்டத்தின் தடிப்பு
(ஊ) வீட்டினுள் நின்று பார்க்கும்போது பிணைச்சல் வலப்பக்கமா, இடப்பக்கமா என்பது

வலக் கைபிடியை இடப்பக்கத்துக்குப் பூட்டினால் நாக்குத் தவறான திசையில் திரும்பும். எனவே கடைசி விபரத்தை மறவாதீர்கள்.

துளையின் மையத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். இரு துளைகளும் ஒரே விட்டமுடையவையாயின் ஓர் இலகுவான வழி உண்டு. துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, அதிலிருந்து ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தால் மையத் தூரம் கிடைக்கும்.

உதாரணம்: வேணியர் இடுக்கிமானியால் அளந்தபோது வெளி விளிம்புகளுக்கு இடையிலான தூரம் 54.5 மில்லிமீற்றர். துளையின் விட்டம் 4.5 மில்லிமீற்றர்.
மையத் தூரம் = 54.5 – 4.5 = 50.0 மில்லிமீற்றர்

ஹாட்வெயார் கடைகளில் மரத் திருகாணிகளை அங்குலத்திலும் இலக்கத்திலும் கேட்பது வழக்கம். "முக்கால் அங்குலம், 6ஆம் இலக்கம்" என்றால் நீளம் ஏறத்தாழ 19 மில்லிமீற்றர், விட்டம் ஏறத்தாழ 3.5 மில்லிமீற்றர் ஆகும். 8ஆம் இலக்கத்தின் விட்டம் ஏறத்தாழ 4.2 மில்லிமீற்றர். இலக்கம் கூடினால் பருமன் கூடும். திருகாணியின் நீளம் சட்டத்தின் தடிப்பிலும் குறைவாக இருத்தல் வேண்டும். இல்லாவிடின் முனை மறுபக்கத்தால் வெளிவரும்.

7. வேலைப் படிமுறை

தேவையான கருவிகள்: திருகாணிச் செலுத்தி, கைத்துறப்பணம், 2.5 மில்லிமீற்றர் அலகு, துளையூசி, குறடு, அளவுகோல், பென்சில், அரத்தாள்.
தேவையான பொருட்கள்: புதிய கைபிடி, திருகாணிகள், மரப்பசை, மெழுகுதிரித் துண்டு, சிறிதளவு எண்ணெய்.

பாதுகாப்பு: வேலையைக் காலையில் தொடங்குக. அவ்வாறாயின் இருட்டுமுன் யன்னலைப் பூட்டிவிடலாம். மேல்மாடி யன்னலில் உடலை வெளியே சரித்து வேலை செய்யலாகாது. கதவு காற்றில் அசையாதவாறு கயிற்றால் கட்டிக்கொள்க. துளையிடும்போது கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிக. மின் துறப்பணமாயின் வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

படி 1: பழைய திருகாணிகளைக் கழற்றுதல்
திருகாணித் தலையின் தவாளிப்பில் வர்ணம் படிந்திருந்தால் கூரான முனையால் சுரண்டி அகற்றுக. தவாளிப்பின் அகலத்துக்குப் பொருந்தும் செலுத்தியைத் தெரிக. சிறிய செலுத்தி வழுக்கித் தலையைச் சிதைக்கும். துருப்பிடித்திருந்தால் எண்ணெய் இட்டுச் சிறிது நேரம் விடுக. பின்னர் முதலில் சற்று இறுக்கும் திசையில் திருப்பி, அதன் பின் தளர்த்துக. இதனால் துருப்படை உடைந்து திருகாணி விடுபடும்.

செலுத்தியின் பிடி ஏன் தடிப்பாக உள்ளது? அது சில்லும் அச்சாணியும் என்ற பொறியின் தத்துவத்தில் தொழிற்படுகிறது. பிடியின் விட்டம் 30 மில்லிமீற்றரும் அலகின் அகலம் 6 மில்லிமீற்றரும் ஆயின் வேக விகிதம் 30 ÷ 6 = 5 ஆகும். எனவே கடினமான திருகாணிக்கு நீண்ட செலுத்தியை அன்றித் தடித்த பிடியுள்ள செலுத்தியைத் தேடுக.

படி 2: பழைய துளைகளை நிரப்புதல்
தேய்ந்த துளையில் திருகாணியின் புரிகள் பற்றிக்கொள்வதற்கு மரம் இல்லை. ஆகவே அங்கு மரத்தை மீண்டும் வைக்க வேண்டும். சிறு மரமுளை ஒன்றைச் சீவி, மரப்பசை தடவித் துளையினுள் அடித்து இறுக்குக. சிறிய துளைக்கு மருந்து நீக்கிய தீக்குச்சிகளும் போதும். பசை நன்கு காய்ந்த பின் மேலே நீட்டியிருப்பதை வெட்டி, அரத்தாளால் மட்டமாக்குக. பருமனான திருகாணியைப் போடலாம்தானே எனச் சிலர் கேட்பர். அதன் தலை அடித்தகட்டின் குழிவில் அமராமல் மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். எனவே துளையை நிரப்புவதே சிறந்த தீர்வாகும்.

படி 3: இடத்தைக் குறித்தல்
யன்னலை மூடுக. புதிய கைபிடியின் நாக்கைப் பிடிதகட்டினுள் வைத்தவாறே அடித்தகட்டைச் சட்டத்தோடு பிடிக்குக. துளைகளினூடாகப் பென்சிலால் அடையாளமிடுக. பழைய துளைகளுக்கு ஏற்பக் கைபிடியை வைக்கலாகாது, பிடிதகட்டுக்கு ஏற்பவே வைக்க வேண்டும்.

படி 4: வழித்துளை இடல்
துளையூசியால் மையத்தில் சிறு குழி இட்டு, 2.5 மில்லிமீற்றர் அலகால் துளையிடுக. துளையின் ஆழம் திருகாணி நீளத்தின் மூன்றில் இரண்டு பங்களவு இருக்கட்டும். அலகில் உரிய இடத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டால் ஆழம் மிகாது. வழித்துளை இல்லாமல் திருகினால் சட்டம் வெடிக்கும்.

படி 5: பூட்டுதல்
திருகாணியின் புரிகளில் மெழுகு தேய்க்குக. உராய்வு குறையும். சவர்க்காரம் ஈரத்தை ஈர்த்துத் துருவை உண்டாக்கக் கூடுமாதலால் அதனைத் தவிர்க்குக. பித்தளைத் திருகாணி மென்மையானது, வலிந்து திருகினால் முறியும். ஆகையால் அதே அளவுடைய உருக்குத் திருகாணியை முதலில் ஏற்றிப் புரியை வெட்டச் செய்து, அதனை அகற்றிய பின் பித்தளைத் திருகாணியை ஏற்றுக. எல்லாத் திருகாணிகளையும் அரைவாசி ஏற்றிய பின்னரே ஒவ்வொன்றாக மாறி மாறி இறுக்குக.

படி 6: சோதித்தல்
யன்னலைப் பத்துத் தடவை திறந்து மூடுக. மீண்டும் வெண்கட்டிச் சோதனை செய்க. நாக்கு இன்னும் முட்டினால் பிடிதகட்டைச் சற்று நகர்த்திப் பூட்டுக. கைபிடியை வலிந்து திருகாதீர்கள். சுழலாணியில் ஒரு துளி எண்ணெய் இடுக.

8. அலுமினிய யன்னலாயின்

அலுமினியச் சட்டத்தின் உட்புறம் வெறுமையானது. சில கைபிடிகள் திருகாணியாலும் சில தறையாணியாலும் பூட்டப்பட்டிருக்கும். தறையாணியைக் கழற்ற முடியாது. அதன் தலையைத் துறப்பணத்தால் துளைத்து அகற்றி, புதிய தறையாணியைத் தறையும் கருவியால் பூட்ட வேண்டும். இதற்குத் தொழில் தெரிந்த ஒருவரின் உதவியைப் பெறுவது நன்று. அலுமினியத்தில் பித்தளைத் திருகாணியைப் போடலாகாது. தாக்கவீதத் தொடரின்படி இங்கு அரிப்படைவது எந்த உலோகம் என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

9. பராமரிப்பு

வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழை தொடங்குமுன் வீட்டிலுள்ள எல்லா யன்னல்களின் திருகாணிகளையும் ஒரு தடவை இறுக்குக. மேற்பிணைச்சலைத் தவறாது பார்க்குக. கரையோர வீடுகளில் கைபிடிகளை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்குக.

10. மாதிரி வினாக்கள்

வினா 1: ஒரு கைபிடியில் எத்தனப் புயம் 10 சென்ரிமீற்றர், சுமைப் புயம் 2 சென்ரிமீற்றர். 20 நியூற்றன் எத்தனம் கொடுக்கப்படின், உராய்வைப் புறக்கணித்து நாக்கில் தோன்றும் விசை யாது?
விடை: 20 × 10 ÷ 2 = 100 நியூற்றன்.

வினா 2: பித்தளைக் கைபிடியை இரும்புத் திருகாணியால் பூட்டுதல் கரையோர வீட்டுக்கு ஏன் பொருத்தமற்றது?
விடை: இரும்பு செப்பிலும் தாக்கம் கூடியது. உப்பு ஈரம் மின்பகுபொருளாகத் தொழிற்பட, இரும்புத் திருகாணி விரைவாக அரிப்படையும்.

வினா 3: புதிய கைபிடி பூட்டி ஒரு மாதத்தில் மீண்டும் தளர்ந்துவிட்டது. கதவை உயர்த்திப் பிடித்தால் மட்டும் யன்னல் பூட்டுகிறது. காரணத்தையும் திருத்தும் முறையையும் எழுதுக.
விடை: மேற்பிணைச்சல் தளர்ந்து கதவு தொங்கியுள்ளது. நாக்குப் பிடிதகட்டின் விளிம்பில் முட்டுவதால் திருகாணிகள் தளர்கின்றன. பிணைச்சலின் துளைகளை மரமுளையால் நிரப்பி மீண்டும் பூட்டி, அதன் பின் கைபிடியைச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாம் வினாவுக்கு "தரமற்ற கைபிடி" என்று மட்டும் எழுதுபவருக்குப் புள்ளிகள் கிடைக்கமாட்டா. வீட்டில் அவ்வாறு எண்ணுபவர் அடுத்த மாதமும் ஒரு கைபிடி வாங்க நேரிடும். இன்று மாலை உங்கள் வீட்டு யன்னல் ஒன்றில் வெண்கட்டிச் சோதனையைச் செய்து பாருங்கள்.